கடைசிக் காட்சி முதலில் போகிறது: திருகோணமலை நூலகமொன்றின் டிவிடி இறுவட்டுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

கூத்து விடியும் நேரத்துக்கு வந்திருந்தது. கூத்தை முடித்துவைக்கும் வாழியைப் பாட, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் குரலை எடுக்கிறார். திரையில் அவர் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது, பாட்டு இரண்டு தடவை விக்கியது, அப்புறம் எல்லாம் நின்றது. அவருடைய மகன் எனக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தார். தகப்பன் தவறி மூன்று கிழமை ஆகியிருந்தது. 31 ஆம் நாள் நினைவுக்கு வீட்டில் போட்டுக்காட்ட ஒரு கொப்பி கேட்டு அவர் நூலகத்துக்கு வந்திருந்தார்.

“தம்பி, போன வருசம் கலைவிழாவுக்குப் போட்ட நேரம் கடைசி மட்டும் ஓடினதுதானே” என்றார் நூலகர் அக்கா. அவர் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு அந்த இறுவட்டு உறையை விட்டு வெளியே வரவே இல்லை. யாரும் இரவல் கொண்டுபோகவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. அலுமாரிக்குள் இருந்தபடியே கெட்டிருந்தது.

நான் இந்த ஊரில் கணினி திருத்தும் வேலை செய்பவன். அன்றைக்கு ஒரு இறுவட்டைப் பார்க்கத்தான் போனேன். முழு அலுமாரியையும் பார்த்து முடிக்க ஏழு மாதமானது. அந்த ஏழு மாதத்தில் கண்டதை இங்கே எழுதுகிறேன். நூலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே அலுமாரி வாசிகசாலைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கோயில் அலுவலகங்களிலும் இருக்கிறது.

அலுமாரியில் இருந்தவை

திருகோணமலை நகரம் ஒடுங்கிய ஒரு நிலத்துண்டில் இருக்கிறது. ஒரு பக்கம் வெளிக்கடல், மறுபக்கம் உட்துறைமுகம். எந்தத் தெருவில் நின்றாலும் உப்புக்காற்று வரும். சனசமூக நிலையத்தோடு சேர்ந்த அந்த நூலகத்தில் இறுவட்டுகளுக்கென்று ஒரு இரும்பு அலுமாரி. எண்ணிப் பார்த்தபோது 250க்குக் கொஞ்சம் மேல் இருந்தன. பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்கள், தேர்த் திருவிழாக்கள், வில்லுப்பாட்டு, நாட்டுக்கூத்து, ஊரின் மூத்தவர்கள் பழைய கதை சொல்லும் பதிவுகள். கொஞ்சம் விலைக்கு வாங்கிய பக்திப்படங்களும் விவரணப்படங்களும்.

உள்ளூர்ப் பதிவுகளில் பெரும்பாலானவை முதலில் விஎச்எஸ் நாடாவில் இருந்தவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2006 இல் மூதூர், சம்பூர்ப் பக்கம் சனம் இடம்பெயர்ந்த பிறகும், வீட்டில் மிஞ்சிய நாடாக்களைப் பல குடும்பங்கள் நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்தன. நூலகம் அவற்றை வீடியோ கடையில் கொடுத்து டிவிடியாக்கியது. அந்த நாட்களில் அது சரியான முடிவாகத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும், பிளேயர் தலையில் சிக்கும். இறுவட்டு பளபளவென்று இருந்தது, உறையில் “100 வருடம்” என்று அச்சடித்திருந்தது. டிவிடியாக்கிய பிறகு நாடாக்களை எறிந்துவிட்டார்கள். இந்த ஆய்வில் என் மனதை விட்டுப் போகாத விசயம் அதுதான். எறிந்தவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்ல. இடமில்லை, புது வடிவத்தில் எல்லாம் பத்திரம் என்று நம்பினார்கள்.

ஒரே ஊரின் நடையும் பேச்சும் வீட்டு முற்றங்களும் இடம்பெயர்வுக்கு முந்திய கோலத்தில் இருக்கிற ஒரே படம் ஒரு இறுவட்டில் மட்டும் இருக்கலாம். அலுமாரியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் பயம் இருந்தது.

அச்சடித்த தட்டும் எழுதிய தட்டும்

சினிமா டிவிடி தொழிற்சாலையில் அச்சடிக்கப்படுவது. பிளாஸ்டிக்கில் குழிகளை அழுத்தி, அதன் மேல் அலுமினியம் பூசுகிறார்கள். குழி என்பது ஒரு உருவம், அது மங்காது. நாங்கள் எழுதிக்கொள்ளும் டிவிடி ஆர் அப்படி அல்ல. அதில் குழியே இல்லை. சேதனச் சாயம் ஒன்றை மெல்லிய படலமாகப் பூசியிருப்பார்கள், எழுதும் லேசர் அதைப் புள்ளி புள்ளியாகக் கருக்குகிறது. கருகிய இடத்துக்கும் கருகாத இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் படமும் பாட்டும். சாயம் என்றால் வெளுக்கும். வெயிலில் காயப்போட்ட சேலையைக் கண்ட எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

பின்பக்கத்தைப் பார்த்தால் பிடிபடும். அச்சடித்தது வெள்ளி நிறம். எழுதியது ஊதா அல்லது நீலச் சாயல். இப்படிப் பார்த்தபோதுதான் ஒரு விசயம் தெரிந்தது. விலைக்கு வாங்கிய விவரணப்படங்களில் சில ஊதாவாக இருந்தன. உறை அழகாக அச்சாகி, பிளாஸ்டிக் சுற்றியிருந்தாலும் உள்ளே இருந்தது வீட்டில் எழுதுவது போன்ற தட்டு. சிறிய தயாரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் அச்சடிக்க வசதியில்லாமல் தேவைக்கு ஏற்ப எழுதி விற்பது உலகம் முழுக்க நடக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் பதிவேட்டில் அதை அச்சடித்த படத்தோடு ஒன்றாகப் போடக்கூடாது. நூலகம் வாங்கும் அன்றே பின்பக்க நிறத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

டிவிடியின் அமைப்பில் நல்லதும் உண்டு. 0.6 மில்லிமீட்டர்த் தட்டுகள் இரண்டை ஒட்டி, பதிவுப் படலத்தை நடுவில் வைத்திருக்கிறார்கள். சீடியில் அது மேல் அச்சுக்குக் கீழேயே, ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அதனால்தான் சீடியின் மேல்பக்கத்தைப் போல்பொயின்ட் பேனாவால் எழுதிக் கெடுத்தவர்கள் அத்தனை பேர். எங்கள் சேகரிப்பில் இருந்த வீசீடிகளுக்கு இன்னொரு பலவீனமும் இருந்தது. கூடுதலாகப் படம் கொள்ள வேண்டும் என்று வீசீடி வடிவத்தில் பிழைகளைத் திருத்தும் கடைசி அடுக்கையே எடுத்துவிட்டார்கள். ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடித்தால் சிலவற்றில் நட்சத்திரம் போல ஓட்டைகள் தெரிந்தன.

ஓடுவது வேறு, நன்றாக இருப்பது வேறு

அக்காவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. போன வருடம் ஓடியது இந்த வருடம் எப்படி ஓடாமல் போகும்?

ஏட்டுச்சுவடியில் வெண்பா படிப்பவரை நினைத்துப்பாருங்கள். ஒரு எழுத்தைச் செல் அரித்திருந்தால் எதுகையையும் ஓசையையும் வைத்து அதை நிரப்பிவிடுவார். கேட்பவருக்கு அங்கே ஓட்டை இருந்ததே தெரியாது. இரண்டு எழுத்துப் போனாலும் சமாளிப்பார். முழுச் சீரும் அடுத்த சீரும் போனால் வாயை மூட வேண்டியதுதான். டிவிடியும் அப்படித்தான். 32 கிலோபைட் தரவை 192 வரிகளாக அடுக்கி, அதோடு 16 திருத்த வரிகளைச் சேர்த்து ஒரு தொகுதி ஆக்குகிறார்கள். ஒவ்வொரு வரியிலும் 182 பைட், அதில் 10 பைட் திருத்தத்துக்கு மட்டும். ஒரு வரியில் 5 பைட் வரை கெட்டிருந்தால் டிரைவ் தானே கணக்குப் போட்டுச் சரிசெய்யும். திரையில் ஒரு சலனமும் தெரியாது.

ஆகவே சாயம் வெளுக்க வெளுக்கப் பிழை கூடிக்கொண்டே போகிறது, படமோ முதல்நாள் போலவே தெளிவாக இருக்கிறது. ஒருநாள் திருத்தக் கணக்கின் எல்லையைத் தாண்டுகிறது. அன்றைக்கு எல்லாம் ஒரேயடியாக நிற்கிறது. விஎச்எஸ் நாடா அப்படிச் செய்வதில்லை. அது புள்ளி விழுந்து, நிறம் மங்கி, நான் போகிறேன் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கும். இறுவட்டு சொல்லாமல் போகும்.

அந்தக் கூடுகிற பிழையை எண்ண வழி உண்டு. டிவிடி தரநிர்ணயம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: அடுத்தடுத்த 8 தொகுதிகளில் திருத்தத்துக்கு முந்திய வரிப்பிழைகள், பிஐ பிழை என்பார்கள், 280 ஐத் தாண்டக்கூடாது. சாதாரணக் கணினி டிரைவ்கள் சிலவே இந்த எண்ணைக் கொடுக்கும். என்னிடம் இருந்த பழைய லைட்ஆன் டிரைவ் ஒன்று கொடுத்தது. லினக்ஸில் கியூபிஎக்ஸ்டூல் என்ற இலவச மென்பொருளை வைத்து ஒவ்வொரு தட்டையும் ஓட்டி வரைபடம் எடுத்தேன். இது ஆய்வுகூடக் கருவி அல்ல. வேறு டிரைவில் ஓட்டினால் வேறு எண் வரும். அதனால் கடைசி மட்டும் அதே டிரைவ், அதே வேகம். தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும்.

முதல் கிழமையே வரைபடங்களில் ஒரு பொதுக்கோலம் தெரிந்தது. இடப்பக்கம் தாழ்வாகத் தொடங்கி, வலப்பக்கம் போகப்போக மலை மாதிரி எழுந்தன. டிவிடி உள்ளிருந்து வெளிநோக்கி எழுதப்படுவது. வரைபடத்தின் வலப்பக்கம் என்றால் தட்டின் வெளி ஓரம். ஒட்டிய இரண்டு தட்டுக்கும் இடையே ஈரம் நுழைவது அந்த ஓரத்தால். கை படுவதும் அங்கேதான். சாயத்தைச் சீராகப் பூசுவதும் வேகமாக எழுதும்போது லேசரைக் கட்டுப்படுத்துவதும் அங்கேதான் கடினம். ஆகவே நிகழ்ச்சியின் முடிவுதான் முதலில் போகும்.

விடிய விடிய ஆடும் கூத்தை மூன்று தட்டில் எழுதினால், மூன்று தட்டின் கடைசியும் ஆபத்தில் இருக்கிறது. பரிசளிப்பு விழா என்றால் நன்றியுரை போகும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். கூத்தில் போவது வாழி. தேர்த் திருவிழாவில் தேர் இருப்பிடத்துக்கு வரும் காட்சி. இதைக் கண்டபிறகு தட்டைச் சோதிக்கிறோம் என்று முதல் ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு “நல்லாயிருக்கு” என்று உறையில் போடும் பழக்கத்தை நிறுத்தச் சொன்னேன். பார்ப்பதென்றால் கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள்.

யார் செய்த தட்டு

எந்தக் கம்பனித் தட்டு நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். மேலே அச்சடித்திருக்கும் பெயரை நம்பமுடியாது என்பதுதான் என் பதில். ஒவ்வொரு எழுதும் தட்டிலும் உள்விளிம்புக்குப் பக்கத்தில் உற்பத்தியாளரின் குறியீடு பதிந்திருக்கும், மென்பொருளால் வாசிக்கலாம். ஒரே வணிகப்பெயர், ஒரே மாதிரி உறை, ஒரே கடையில் வாங்கியவை, உள்ளே மூன்று வேறு குறியீடுகள். பெயர் வைத்திருப்பவர் எந்த வருடம் எங்கே மலிவோ அங்கே செய்வித்திருக்கிறார். அந்த மூன்றில் ஒரு வகை முழுதும் நன்றாக இருந்தது, இன்னொரு வகையில் பெரும்பாலானவை வரம்பைத் தாண்டியிருந்தன.

நல்ல பெயர் எடுத்த ஜப்பானியத் தட்டுகள் சில எங்களிடமும் இருந்தன. தாய்யோ யூடென் என்ற நிறுவனம் செய்தவை கடையில் அப்போது கூடுதல் விலை. அதே அலுமாரியில், அதே வெக்கையில் இருந்தும் அவற்றின் வரைபடம் கிட்டத்தட்டத் தரையோடு கிடந்தது. அந்த நிறுவனம் 2015 இல் இறுவட்டுத் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. 2025 பெப்ரவரியில் சோனி எழுதும் புளூரே தட்டு உற்பத்தியை நிறுத்தியது. நல்ல தட்டைத் தேடி வாங்கி மறுபடி எழுதிவைப்போம் என்பது இனி ஒரு வழியே அல்ல என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

எழுதிய விதமும் முக்கியம். வீடியோ கடைகளில் ஒரே நேரத்தில் பத்துக் கொப்பி அடிக்கும் கோபுர இயந்திரம் இருந்தது. மலிவுத் தட்டைப் போட்டு 16 மடங்கு வேகத்தில் அடித்து, சரிபார்க்காமல் உறையில் போட்டுத் தருவார்கள். திருவிழாவுக்கு அடுத்த நாளே நூறு வீட்டுக்குக் கொப்பி போக வேண்டும் என்றால் வேறென்ன செய்வது? அதே வகைத் தட்டில் 8 மடங்கில் எழுதியவை, எங்களிடம் இருந்த அளவில், நிதானமாக இருந்தன. அதற்காக மிக மெதுவாக எழுதினால் மிக நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேகமான தட்டின் சாயம் வேகமான லேசருக்காகவே செய்யப்பட்டது.

சீட்டு ஒட்டிய தட்டுகள் தனிக்கதை. அழகுக்காக மேலே வட்டக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஈரத்தில் காகிதம் உப்பி, காய்ந்து, ஒரு பக்கம் இழுத்திருந்தது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுழலும் பொருளில் ஒரு பக்கம் கனம் கூடினால் லேசர் தடத்தை விடும். சீட்டைக் கிழிக்கத்தான் கை போகும். வேண்டாம். சீடியாக இருந்தால் சீட்டோடு பதிவுப் படலமும் உரிந்து வரும். டிரைவின் வேகத்தைக் குறைத்து வைத்து வாசித்தபோது சீட்டுத் தட்டுகளில் அநேகமானவை முழுதாக வந்தன.

அப்புறம் காலநிலை. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2003 இல் நூலகர்களுக்காக வெளியிட்ட கையேடு, இறுவட்டை 4 முதல் 20 பாகை வெப்பத்தில், 20 முதல் 50 வீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறது. 100 வருடம், 200 வருடம் என்று உற்பத்தியாளர்கள் சொன்ன கணக்கும் அப்படி வைத்தால்தான் என்று அதே கையேட்டில் இருக்கிறது. திருகோணமலையில் கச்சான் காற்றுக் காலத்தில் பகல் 33, 34 பாகைக்குப் போகும். ஒக்டோபரில் மழை தொடங்கினால் தைமாதம் வரை சுவரே வியர்க்கும். இரவு பகலாகக் குளிரூட்டி போட்டு ஒரு சனசமூக நிலையத்தால் கரண்ட் பில் கட்ட முடியாது. உறையில் போட்ட 100 வருடம் இந்த ஊருக்குச் சொன்ன கணக்கே இல்லை.

வெக்கைதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட எனக்கும் ஆசைதான். அலுமாரியில் யன்னல் பக்கம் இருந்தவை மோசமாகத்தான் இருந்தன. ஆனால் கடைசியாக வாங்கிய மலிவுத் தட்டுகளும் இடமில்லாமல் அங்கேதான் அடுக்கப்பட்டிருந்தன. தட்டா, எழுதிய வேகமா, யன்னலா என்று பிரித்துச் சொல்ல எங்கள் சேகரிப்பு இடம் தரவில்லை. மூன்றும் ஒன்றையொன்று மோசமாக்கியிருக்கும் என்பது என் கணிப்பு. வீதக்கணக்கும் தரமாட்டேன். பலரிடமிருந்து பல விதமாக வந்து சேர்ந்த ஒரு அலுமாரியின் வீதம் இன்னொரு அலுமாரிக்குப் பொருந்தாது. குத்துமதிப்பாகச் சொன்னால், பாதிக்கு மேல் நல்ல நிலை. வரம்பைத் தாண்டியும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தவை இரண்டு அலுமாரித் தட்டு நிறைய. ஓடாதவை ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய. அந்த இரண்டு அலுமாரித் தட்டில் இருந்தவைதான் என் நித்திரையைக் கெடுத்தன. அடுத்த வருடம் அவை சப்பாத்துப் பெட்டிக்கு வரக் காத்திருந்தவை.

மீட்டது

வரம்பைத் தாண்டியவற்றை முதலில் எடுத்தோம், ஓடாதவற்றை அல்ல. சரிதானா என்று நிலையத்துக் கூட்டத்தில் கேட்டார்கள். செத்ததாகத் தெரிவது இன்னும் ஆறு மாதம் அப்படியே கிடக்கும், இழுத்துக்கொண்டிருப்பது கிடக்காது என்றேன். சினிமாப் படங்களைத் தொடவே இல்லை. அவை அச்சடித்தவை, வேறிடத்தில் கிடைக்கும், கொப்பி எடுக்கும் உரிமையும் நூலகத்துக்கு இல்லை.

வேலைக்கு எடுத்தது டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள். சாதாரணக் கொப்பி கெட்ட இடத்தில் முட்டி அங்கேயே நின்றுவிடும். இது கெட்ட இடத்தைத் தாண்டிப்போய் நல்லதை எல்லாம் முதலில் அள்ளி, எங்கே விட்டது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்து, பிறகு திரும்பி வந்து கெட்ட இடங்களைத் துண்டு துண்டாகப் பொறுக்கும். பின்னாலிருந்து முன்னாலும் வாசிக்கும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதைவிடப் பெரிய நன்மை, ஒரு டிரைவில் வாசிக்க முடியாததை அதே வரைபடக் கோப்போடு இன்னொரு டிரைவில் தொடரலாம் என்பது. என்னிடம் நாலு பழைய டிரைவ்கள் இருந்தன. ஒன்று கைவிட்ட துண்டை மற்றது எடுத்தது. எது எடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பழைய கணினியை எறியும் முன் அதன் டிவிடி டிரைவைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சில தட்டுகள் கணினியில் வெறுமையாகத் தெரிந்தன. பின்பக்கத்தில் எழுதிய வளையம் கண்ணுக்குத் தெரிகிறது, கணினியோ ஒன்றும் இல்லை என்கிறது. நேரே டிவிடி ரெக்கோடரில் பதிந்துவிட்டு முடித்து மூடாமல் எடுத்தவை அவை. பதிந்த இயந்திரம் மட்டும்தான் அவற்றை வாசிக்கும், அந்த இயந்திரமோ எப்போதோ பழுதாகிப் போயிருந்தது. ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் மூடாத தட்டையும் திறந்தது. கெட்டுப்போனது என்று ஒதுக்கிய ஒரு வில்லுப்பாட்டுத் தொடர் முழுதாகக் கிடைத்தது. தட்டில் ஒரு பழுதும் இருக்கவில்லை.

இன்னும் சிலவற்றில் படம் எல்லாம் இருந்தும் பிளேயர் ஏற்கவில்லை. டிவிடியில் எந்தக் காட்சி எங்கே என்று சொல்லும் ஐஎப்ஓ கோப்புகள் கெட்டிருந்தன. அதே விவரம் பியூபி என்ற பெயரில் தட்டில் வேறு இடத்தில் இரண்டாவது தடவையும் எழுதப்பட்டிருக்கும். அதை எடுத்துப் போட்டால் போதும். அதுவும் போயிருந்தால் படம் இருக்கும் விஓபி கோப்பை விஎல்சியில் நேரே திறக்கலாம்.

சரி, கூத்துக்கு வருகிறேன். மூன்றாவது தட்டில் நாலு டிரைவும் சேர்ந்து எடுத்த பிறகும் கடைசிப் பத்து நிமிடத்தில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. அப்போது மகனுக்கு ஒன்று நினைவு வந்தது. அந்தக் கூத்தைக் கடையில் அடித்தபோது ரொறன்ரோவில் இருக்கும் அத்தைக்கும் ஒரு செட் அனுப்பினார்கள். ஒரே கோபுரத்தில், ஒரே மூலத்திலிருந்து அடித்த கொப்பி. அப்படியென்றால் இரண்டு தட்டிலும் ஒவ்வொரு துண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்க வேண்டும். அத்தையின் பேரப்பிள்ளைக்குத் தொலைபேசியில் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்து அங்கேயும் டிடிரெஸ்கியூ ஓட்டினோம். அந்தத் தட்டும் கெட்டிருந்தது. ஆனால் கெட்ட இடம் வேறு. அங்கே நல்லதாக இருந்த துண்டை எங்கள் ஓட்டையில் பொருத்தினோம். வாழி முழுதாக வந்தது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் இரண்டு கொப்பியிலும் வாசிக்க முடியாத துண்டு. ஒரு விநாடி படம் உறைகிறது, பாட்டு தொடர்கிறது. 31க்கு இரண்டு நாள் முந்தி கொடுத்தேன்.

மூல நாடா இருந்திருந்தால் இந்தப் பாடு தேவையில்லை. நாடாவை ஒரு தட்டில் நாலு மணி நேரம் அடக்கும்படி நசுக்கிப் பதிந்ததால் மத்தளக்காரரின் கை அசையும் இடமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது. அது எழுதும் அன்றே போனது. மூன்று குடும்பங்கள் மட்டும் டிவிடியாக்கிய பிறகு நாடாவைத் திருப்பி வாங்கியிருந்தன. அவற்றில் இரண்டு இன்றும் ஓடுகின்றன, இறுவட்டை விட நல்ல படத்தோடு. யாரிடமாவது நாடா இருந்தால், இறுவட்டு இருக்கிறதே என்று எறியவேண்டாம்.

இப்போது இருக்கும் ஏற்பாடு

எழுதும் டிவிடி ஒன்று 4.7 கிகாபைட். 250 தட்டும் நிரம்பியிருந்தாலும் 1.2 டெராபைட்டுக்குள் அடங்கும். 2 டெராபைட் வன்தட்டு ஒன்றில் முழு அலுமாரியுமே அடங்கி இடம் மிஞ்சும். இரண்டு வேறு கம்பனிகளின் வன்தட்டு வாங்கினோம். ஒன்று நூலகத்தில். மற்றது வவுனியாவில், நிலைய உறுப்பினர் ஒருவரின் உறவினர் வீட்டில். 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட ஊரில் எல்லாப் பிரதியையும் கடலுக்குப் பக்கத்தில் வைக்க யாரும் சம்மதிக்கவில்லை. வன்தட்டும் கெடும். அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஒரு சரிபார்ப்பு எண் எடுத்து, அச்சிட்டுப் பதிவேட்டில் ஒட்டியிருக்கிறோம். ஒரு பைட் மாறினாலும் எண் மாறிவிடும்.

தட்டை உள்ளபடியே முழு உருவமாக எடுத்து வைத்தோம். சிறிதாக்கி எம்பி4 ஆக மாற்றினால் போதுமே என்றார்கள் சிலர். ஏற்கனவே ஒரு தடவை நசுக்கியதை மறுபடி நசுக்கக்கூடாது. பார்ப்பதற்கு எம்பி4 தனியாக இருக்கிறது, அதைத்தான் யாருக்கும் பென் டிரைவில் கொடுக்கிறோம். மூலத்தட்டு இப்போது இரவலுக்குப் போவதில்லை.

தட்டுகளை யன்னலிலிருந்து எடுத்து உள்ளறையில், மூடியிறுக்கிய பெட்டிகளில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு நிமிர்த்தி வைத்திருக்கிறோம். துடைக்க வேண்டியிருந்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கிறோம், வட்டமாக அல்ல. வட்டமாக விழும் கீறல் ஒரே தடத்தை நீளத்துக்கு அறுக்கும். பற்பசை போட்டுத் தேய்த்த தட்டு ஒன்றும் எங்களிடம் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை.

அலுமாரிக்குச் செலவழிக்கும் காசை விடக் கொப்பி எடுக்கச் செலவழிக்கும் காசு பயன்படும் என்பதுதான் நிலையக் கூட்டத்தில் நான் வைத்த வாதம். 20 பாகையை இந்த ஊரில் எங்களால் கொடுக்க முடியாது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புது வன்தட்டுக்கு மாற்ற முடியும். யுனெஸ்கோவின் உலக நினைவகத் திட்டத்துக்காகக் கெவின் பிராட்லி எழுதிய 2006 ஆம் ஆண்டு அறிக்கை, எழுதும் இறுவட்டுகளை ஆவணக் காப்புக்கு நம்பியிருப்பதன் ஆபத்துகளைப் பற்றியது. எங்கள் தட்டுகளில் பாதியை எழுதியது அதற்குப் பிறகு. அப்படி ஒரு அறிக்கை தமிழில், ஒரு பக்கமாவது, நூலகங்களின் கைக்கு வந்திருந்தால் அந்த நாடாக்கள் இன்றைக்கு இருந்திருக்கும். நான் இதை எழுத உட்கார்ந்த காரணமும் அதுதான்.

ஒவ்வொரு வருடமும் கச்சான் தொடங்க முந்தி, மார்ச்சில், மூலத்தட்டுகளில் இருபதைப் பொறுக்கி எடுத்து அதே லைட்ஆன் டிரைவில் ஓட்டுகிறோம். பழைய வரைபடத்தையும் புதியதையும் பதிவேட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுகிறோம். அக்கா இப்போது வரைபடத்தைப் பார்த்ததும் எந்தத் தட்டு எழும்புகிறது என்று சொல்லிவிடுவார்.

சப்பாத்துப் பெட்டியில் இன்னும் பதினொரு தட்டுகள் இருக்கின்றன. மேலே “வாசிக்க முடியவில்லை, எறியவேண்டாம்” என்று எழுதி, எந்தத் தட்டை எந்த டிரைவில் எப்போது முயன்றோம் என்ற தாள் உள்ளே இருக்கிறது. அவற்றில் ஒன்று சம்பூர்ப் பக்கத்து வீடொன்றின் பூப்புனித நீராட்டு விழா, 2006க்கு முந்தியது. அதன் இன்னொரு கொப்பி பிரான்ஸில் ஒரு வீட்டில் இருக்கலாம் என்று போன கிழமை ஒருவர் சொன்னார். தொலைபேசி எண் கிடைத்திருக்கிறது.